அண்ணனை அவுட் ஆக்குவது எப்படி?

அந்த அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் புதிதாக யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், இங்கே என்னதான் வேலை நடக்கிறது என்று குழம்பிப் போவார்.

"அக்கா, பகடை மேஜையிலேர்ந்து உருண்டு கீழ விழுந்துச்சு. பூனை வந்து ஒரு தட்டு தட்டிச்சு. ஆறு விழுந்திருக்கு. செல்லுமா, செல்லாதா?"

"பூனை யார் டீம்?"

"எங்க வீட்டுப் பூனைதான்."

"அப்ப செல்லாது. மறுபடி போடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஃபோனை வைத்தால் அடுத்த மணி.

"என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் பகடையை ஊதி ஊதிப் போடறாரு. இதுக்கு ஏதாவது தண்டனை உண்டாங்க?"

"பகடையை ஊதறதுக்கு விதியில தடை இல்லம்மா. உங்க முகத்துல ஊதினா சொல்லுங்க, பாத்துக்கலாம்."

இப்படி நாள் முழுக்கப் பதில் சொல்பவளுக்குப் பெயர் பதிலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ரசிகர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. முதலாளிகூடச் சம்பள நாளில் "பதிலக்கா, இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அச்சகம் ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். அவ்வளவுதான் அந்தக் கம்பெனி. கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேலே மேஜையில் கிடக்கும் பகடைகள் தாமாக நடுங்கும். ஒரு அறையில் கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள். இன்னொன்றில் மூன்று மேஜைகள். ஒன்று முதலாளிக்கு. ஒன்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணுக்கு. ஜன்னல் ஓரத்தில் இருப்பது பதிலக்காவுக்கு.

பாம்பும் ஏணியும் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்த முதலாளிக்கு கிரிக்கெட் என்றால் உயிர். ஒரு வருடம் பெரிய லீகில் ஆடிய அத்தனை பேரையும் அட்டைகளாக்கி ஒரு பெட்டிக்குள் போட்டார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அதில் முப்பத்தாறு கட்டங்கள். சிவப்புப் பகடையும் வெள்ளைப் பகடையும் சேர்த்து உருட்டினால் ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதுதான் அந்தப் பந்தின் கதி. ஒரு ரன், நான்கு, ஆறு, அல்லது அவுட். அந்த வருடம் அந்த மனிதர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ, அந்தக் கணக்கில்தான் கட்டங்கள் நிரப்பப்பட்டன. அடிக்கடி அவுட்டானவர் அட்டையில் அவுட் கட்டங்கள் அதிகம். நின்று ஆடியவர் அட்டையில் குறைவு.

பதிலக்கா அங்கே கணக்கு எழுதத்தான் வந்தாள். முதலாளி டீ குடிக்கப் போயிருந்த ஒரு மதியம், ஃபோனை எடுத்து ஒரு ரசிகருக்குப் பதில் சொன்னாள். மறுநாள் அவரே கூப்பிட்டு, "நேத்து பேசின அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். அதோடு கணக்கு வேலை வேறொருவருக்குப் போயிற்று. நாற்பதைத் தாண்டிவிட்ட அவளுக்கு அந்த மேஜைதான் உலகம். கல்யாணம் என்று ஒன்று நெருங்கி வந்து, வாசல் வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அண்ணன்தான் அவளைப் படிக்க வைத்தவன். அப்பா போன பிறகு அவளுக்கு அப்பாவும் அவனேதான்.

இத்தனை ஆண்டுகளில் ஆயிரம் விதமான கேள்விகள் வந்திருந்தாலும், எல்லோரும் ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"அந்த ஆளை எப்படிக்கா அவுட் ஆக்கறது?"

பெட்டியில் உள்ள அத்தனை அட்டைகளிலும் ஒரே ஓர் அட்டையில்தான் அவுட் கட்டமே கிடையாது. அந்த ஆள் பெரிய லீகில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். யாருக்கோ காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர். கடைசி ஓவரில் பதினெட்டு ரன் வேண்டும் என்ற நிலையில் இறங்கினார். முதல் பந்து நான்கு. அடுத்தது பேடில் பட்டு உருண்டது. அடுத்தது ஆறு. பிறகு இரண்டு. பிறகு ஒரு வீசல், படவில்லை. கடைசிப் பந்து மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. அணி ஜெயித்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த வாரம் பயிற்சியின்போது முழங்கால் திருகி விழுந்தார். அதற்குப் பிறகு அவர் மைதானத்தில் இறங்கவே இல்லை.

ஒரே ஆட்டம், ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை. முதலாளியின் கணக்கு அதை அப்படியே அட்டையாக்கிவிட்டது. நல்ல பந்துவீச்சாளர் போட்டால் அவுட் கட்டங்கள் இரட்டிப்பாகும் என்று விதி உண்டு. ஒன்றுமே இல்லாததை எத்தனை மடங்காக்கினாலும் என்ன வரும்? அச்சடித்த பிறகுதான் முதலாளிக்குத் தவறு தெரிந்தது. ஆனால் அதற்குள் ரசிகர்கள் அந்த அட்டைக்காகவே பெட்டி வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏன்க்கா அவரு ஒத்தை ரன்னே ஓட மாட்டேங்கறாரு? அடிச்சா நாலு, ஆறு. முழங்கால்ல வலியா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார்.

பதிலக்கா சிரித்துவிட்டுப் பதில் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அந்த ஆள், அவளுடைய அண்ணன்.

ரசிகர்கள் யாருக்கும் இது தெரியாது. முதலாளிக்குத் தெரியும். தினம் தினம் சொந்த அண்ணனை ஊர் பேர் தெரியாத அந்நியனைப் போல் "அந்த ஆட்டக்காரர்" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

அண்ணன் இப்போது வீடுகளுக்குத் திரைச்சீலை மாட்டுகிறவன். கம்பி, கிளாம்பு, ட்ரில் மெஷின், மடக்கு ஏணி எல்லாம் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவான். முழங்கால் மடங்காது. ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து வைத்துத்தான் ஏணி ஏறுவான். ஆனால் சட்டைப் பையில் அந்த அட்டை எப்போதும் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான்.

"கார்டுல அவுட்டே ஆகாத மனுஷன், வீட்டுல ஒரு பல்ப் மாத்தச் சொன்னா உடனே அவுட்" என்று அண்ணி கிண்டல் செய்வாள். அவன் அட்டையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவனிடம் மிச்சம் என்று பதிலக்காவுக்குத் தோன்றும்.

அந்தச் சிரிப்புக்குத்தான் வந்தது ஆபத்து!

முதலாளி அந்தப் பழைய பெட்டி முழுவதையும் கம்ப்யூட்டர் ஆட்டமாக்கத் துணிந்தார். கம்ப்யூட்டர் பெண் எல்லா அட்டைகளையும் ஏற்றினாள். ஆடிப் பார்க்கச் சில ரசிகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். இரண்டே நாளில் ஃபோன் அலற ஆரம்பித்தது.

"அக்கா, உங்க ஆளு களத்துல இறங்கினா ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போகுது!"

"எனக்கும்தான்க்கா. பேட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு. நகரவே மாட்டேங்கறாரு. நானும் டீ குடிச்சிட்டு வந்து பாத்தேன், அப்படியேதான் நிக்கறாரு."

காரணத்தைக் கம்ப்யூட்டர் பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒருவரின் சராசரி தெரிய வேண்டுமென்றால், அவர் எடுத்த ரன்னை அவர் அவுட்டான எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அண்ணன் எடுத்தது பதினெட்டு. அவுட்டானது பூஜ்யம். பதினெட்டைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டு நின்றுவிடுகிறது.

முதலாளி நாற்காலியைப் பதிலக்காவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தி வராது.

"ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு, அந்த அட்டையையே எடுத்துடணும். இல்லைன்னா எல்லாருக்கும் மாதிரி அவுட் கட்டம் போடணும். பின்னாடி இறங்கறவங்களுக்குப் பொதுவா ஒரு கணக்கு இருக்கே, அதைப் போட்டுடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் வெளிய போகுது. அதுக்குள்ள நீயே முடிவு பண்ணிச் சொல்லு."

"நானா?"

"வேற யார் சொன்னாலும் உங்க அண்ணன் மனசு தாங்காதும்மா."

நான் சொன்னால் மட்டும் தாங்குமா? பதிலக்காவின் நெஞ்சுக்குள் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அட்டையை எடுத்தால் அண்ணன் ஆடியதே இல்லை என்றாகும். அவுட் கட்டம் போட்டால், யார் வேண்டுமானாலும் தூக்கிப் போடக்கூடிய சாதாரண ஆள் ஆவான். எந்தக் கையால் அதைச் செய்வது? அவன் சோறு போட்டு வளர்த்த கையாலா?

வியாழக்கிழமைதோறும் மதியம் கூப்பிடும் ரசிகர் ஒருவர் உண்டு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பழக வருகிறவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவர். இரண்டு வகுப்புக்கு நடுவே காரில் உட்கார்ந்தபடியே பேசுவார். பகடையை டேஷ்போர்டில்தான் உருட்டுவார். ஒரு தடவை பகடை கிளட்ச்சுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு பெரிய கூத்தாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அவர் கேட்பதும் அதே கேள்விதான். ஆனால் மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் விடவே இல்லை.

அந்த வியாழக்கிழமையும் ஃபோன் வந்தது.

"என்னம்மா, நம்ம ஆளு எப்படி இருக்காரு? இன்னைக்கு அறுபது பந்து போட்டேன். அசையலை."

மனசு கனத்திருந்த பதிலக்கா, எப்போதும் சொல்லும் விளையாட்டுப் பதிலைச் சொல்லவில்லை. "மாஸ்டர், புதுசா வர்ற கம்ப்யூட்டர் ஆட்டத்துல அவரை அவுட் ஆக்க வழி வந்தாலும் வரும்" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஹார்ன் அலறிற்று. பிறகு அவர் யாரிடமோ, "கொஞ்சம் வெளிய நில்லும்மா, நானே கூப்பிடறேன்" என்று சொல்வதும், கார்க் கதவு சாத்தப்படுவதும் கேட்டது.

"நிஜமாவா சொல்றீங்க?" கரகரத்த குரல் உடைந்திருந்தது.

"என்ன மாஸ்டர், அழறீங்களா?"

"அந்த ஓவரைப் போட்டது நான்தாம்மா."

பதிலக்கா ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"என் அட்டையும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. யாரும் கையால தொடமாட்டாங்க. அவ்வளவு மோசமான அட்டை. அந்த மேட்ச்சோட என்னை நிறுத்திட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லலை. பதினெட்டு ரன்னைத் தூக்கிக் குடுத்தவனை யாரு வெச்சுப்பாங்க? ஆனா என் அட்டையையும் அவர் அட்டையையும் பக்கத்துல வெச்சு அந்த ஓவரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு தடவை அவர் அவுட்டாயிட்டார்னா போதும். எழுந்து போய் நிம்மதியா சாப்பிடுவேன்."

அவர் என் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தாள். "பாத்துச் சொல்றேன் மாஸ்டர்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். ஒரு பக்கம் அண்ணன். இன்னொரு பக்கம் அந்தக் கரகரத்த குரல். யாரோ ஒருவர் மனசை உடைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாதா?

சனிக்கிழமை அண்ணன் வேலை செய்யும் இடத்துக்கே போனாள். யாரும் இன்னும் குடி வராத புது வீடு. பெயின்ட் வாசனை. ஜன்னலுக்கு மேலே ஏணியில் நின்று கம்பிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

"வா பாப்பா. வந்ததுதான் வந்த, ஏணியைப் பிடி" என்றான். அவளுக்குத் தலை நரைத்தாலும் அவனுக்கு அவள் பாப்பாதான். "நேத்து ஒரு வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? அந்தப் பையன் 'நீங்கதானே அந்த அவுட்டே ஆகாதவரு'ன்னு கேட்டான். கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஃபோட்டோ எடுத்தான். மேல கம்பி கோணலா இருக்கு. அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை சொல்லணுமே!"

அவள் சிரிக்கவில்லை. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல், பூஜ்யத்தால் வகுக்கும் கதையையும் முதலாளி சொன்ன இரண்டு வழிகளையும் சொல்லி முடித்தாள்.

மேலே ட்ரில் நின்றது. சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவள் தலையில் உதிர்ந்தது.

"அவுட் கட்டம்னா, யார் கணக்குல?"

"பின்னாடி இறங்கறவங்களுக்குப் பொதுவா ஒரு கணக்கு இருக்குண்ணா."

"பொதுவா." அந்தச் சொல்லை அவன் வாய்க்குள் போட்டு மென்றான். "அப்ப நானும் பொதுவா ஆயிட்டேன்."

"அண்ணா..."

"இந்தக் காலை இழுத்துக்கிட்டு தினம் ஏணி ஏறறேனே, எதை நம்பி ஏறறேன்னு உனக்குத் தெரியாதா? எங்கயோ ஒரு மேஜையில, யாரோ ஒருத்தன் பகடை உருட்டறான். அங்க நான் இன்னும் நின்னு ஆடிக்கிட்டிருக்கேன். அது ஒண்ணுதான் பாப்பா என்கிட்ட இருக்கு. அதையும் உன் கையாலதான் எடுக்கணுமா?"

அவள் கண்ணீர் ஏணியின் கீழ்ப்படியில் விழுந்தது. அவன் இறங்கினான். நல்ல காலை முதலில் வைத்து, மடங்காத காலை இழுத்து, ஒவ்வொரு படியாக. கீழே வந்ததும் அவளைப் பார்க்காமல் ட்ரில்லின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"உன் வேலை. நீ செய். என்கிட்ட மட்டும் கேக்காதே."

அதற்குப் பிறகு வீட்டில் அவன் அவளிடம் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்த அட்டை ஃபிரிட்ஜின் மேல் குப்புறக் கிடந்தது.

"உங்க அண்ணனை என்னம்மா பண்ணின? சாப்பாட்டுத் தட்டைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்காரு" என்று அண்ணி வந்து கேட்டாள். பதிலக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி கேட்டுவிட்டு, கையில் இருந்த துணியை உதறி மடித்தாள். "அவுட்டானா என்னவாம்? ஊர்ல எல்லாரும் அவுட்டாகித்தானே வீட்டுக்கு வர்றாங்க. நான் என்ன அந்த ஒரு ஓவரைப் பாத்தா கட்டிக்கிட்டேன்? அப்ப எனக்கு கிரிக்கெட்டே தெரியாது. இப்பவும் தெரியாது."

திங்கட்கிழமை காலை அண்ணன் ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான். பதிலக்கா பக்கத்தில் போய் நின்றாள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். அவன் முகம் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

"அந்த ஓவர் போட்டவரு எங்களுக்கு ஃபோன் பண்றாருண்ணா. வாராவாரம். இப்ப டிரைவிங் ஸ்கூல் நடத்தறாரு."

கயிறு பாதியில் நின்றது. அவன் திரும்பினான்.

"அவரா? என்ன கேக்கறாரு?"

"எல்லாரும் கேக்கறதைத்தான். உன்னை எப்படி அவுட் ஆக்கறதுன்னு."

"இன்னுமா?"

"இன்னும்தான். டேஷ்போர்டுல பகடை போட்டு அதே ஓவரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்காராம். நீ ஒரே ஒரு தடவை அவுட்டானாதான் நிம்மதியா சாப்பிடுவாராம்."

அண்ணன் ஸ்கூட்டர் சீட்டில் மெல்ல உட்கார்ந்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"மேட்ச் முடிஞ்சதும் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க பாப்பா. தோள் மேலேர்ந்து ஒரே கூத்தா தெரிஞ்சுது. எல்லாரும் ஓடறாங்க. அவர் ஒருத்தர் மட்டும் பிட்ச்லயே உக்காந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தாரு. கட்டின லேஸை அவிழ்ப்பாரு, மறுபடி கட்டுவாரு. நான் பாத்தேன். பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அவரைப் பத்தி நினைக்கலை. என் ஓவர், என் ஓவர்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது அவரோட ஓவரும்தானே?"

அவன் ஏணியைக் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. முதலாளி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கம்ப்யூட்டர் பெண், "அக்கா, நாளன்னைக்கு வெளிய போகணும், என்ன போடறது?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள் பதிலக்கா. அட்டையை எடுத்துவிடச் சொல்வது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். அண்ணனை யாரும் அவுட் ஆக்கவும் வேண்டாம், அவனை யாரும் ஆட்டத்தில் இறக்கவும் வேண்டாம். அந்த முடிவு அவளுக்கே கசந்தது. மாஸ்டருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம். மாடிப்படியில் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து ஏறும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். வியர்த்து வழிய, சுண்ணாம்புத் தூள் படிந்த சட்டையோடு, வாசலில் அண்ணன் நின்றான். இத்தனை ஆண்டுகளில் அவன் அந்த மாடி ஏறியதில்லை.

"ஃபோன் வந்துடுச்சா?" என்றான்.

வரவில்லை. முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். கீழே அச்சு இயந்திரம் ஓட, மேஜையில் பகடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபோனைப் பார்த்தார்கள். பதிலக்கா எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, ஏதாவது வழி வந்துச்சா?" என்றது கரகரத்த குரல்.

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் குனிந்தான்.

"மாஸ்டர், நான் பேசறேன். நீங்க கேக்கற ஆளு."

அந்தப் பக்கம் கார் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இவ என் தங்கச்சி. அதான் இத்தனை நாளா உங்களுக்கு நேரா பதில் சொல்ல முடியலை. என்னை எப்படி அவுட் ஆக்கணும்னு நானே சொல்றேன், கேட்டுக்குங்க. ரெண்டாவது பந்து ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனாங்க? பேடுல பட்டு உருண்டுது."

"அந்தப் பந்தை நான் பாக்கவே இல்லை. மெதுவா வந்துச்சு. நான் அதுக்கு முன்னாடியே பேட்டைச் சுத்தி முடிச்சுட்டேன். ஒரு சாண் உள்ள விழுந்திருந்தா மூணு ஸ்டம்பும் போயிருக்கும். அடுத்த நாலு பந்தும் அதே மெதுவான பந்து வருமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன். நீங்க போடவே இல்லை. ஏன் போடலை?"

மாஸ்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

"நான் எங்கங்க போட்டேன்? கை வேர்த்து நழுவின பந்து அது. ஓவர்லயே கேவலமான பந்து அதுதான்னு இவ்வளவு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

"அது ஒண்ணுதான் மாஸ்டர் நல்ல பந்து."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல. அண்ணன் ஸ்டூலை மேஜைக்கு நெருக்கமாக நகர்த்திக்கொண்டு, தங்கையைப் பார்த்தான். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"போடு பாப்பா. அவுட் கட்டம் போடு. ஆறு கட்டம் போடு."

"ஆறா!" ஸ்பீக்கரில் மாஸ்டர் கத்தினார். வகுப்பில் யாரோ பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தது போன்ற கத்தல். "ஆறு கட்டம்னா அது பதினொண்ணாவதா இறங்கறவனுக்கு! நீங்க என்ன அவ்வளவு மோசமாவா ஆடினீங்க? ஒண்ணு போதும்மா. ஒரே ஒரு கட்டம்."

"ஒண்ணா? அப்புறம் நீங்க எப்ப என்னை அவுட் ஆக்கி எப்ப சாப்பிடறது? அஞ்சு போடு."

"அதெல்லாம் முடியாது. என் பந்தை அப்படி அடிச்ச ஆளு, கண்டவன் கையில எல்லாம் அவுட்டாகறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எனக்கு மரியாதை வேணாமா? ரெண்டு. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"நாலு."

"என்ன இது, காய்கறிக் கடையா?" என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பதிலக்கா. கண்ணீரைத் துடைக்காமலே சொன்னாள். "பின்னாடி இறங்கறவங்களுக்குப் பொதுவான கணக்கு மூணு. மூணுதான். இதுல அண்ணன்னும் பாக்கமாட்டேன், மாஸ்டர்னும் பாக்கமாட்டேன்."

"பொதுவா மூணா?" என்றான் அண்ணன்.

"பொதுவா மூணு."

"சரி. பரவாயில்லை. ஒருவேளை இன்னும் பத்து மேட்ச் ஆடியிருந்தா அப்படித்தான் இருந்திருப்பேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் தெரியாத ஆட்களுக்கு அட்டையைத் தட்டிக் காட்டும் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ஆடிக் களைத்து, வியர்த்து வந்து உட்காருகிற ஒருவனின் முகமாக இருந்தது அது.

கம்ப்யூட்டர் பெண் அட்டையில் பொதுவான கணக்கை ஏற்றி, மூன்று கட்டங்களில் அவுட் என்று எழுதினாள். ஆட்டத்தை ஓட்டினாள். திரையில் சின்னஞ்சிறு உருவமாக அண்ணன் மைதானத்துக்குள் நடந்து வந்தான், பேட்டைத் தரையில் தட்டினான், நின்றான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரை உறையவில்லை. பந்து வந்தது. ஒரு ரன்னுக்கு ஓடினான்.

"ஓடறேன்!" என்றான் அண்ணன்.

"பொதுவான கணக்குல ஒத்தை ரன்னும் உண்டுண்ணா" என்றாள் பதிலக்கா.

"என்னாச்சு, என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று மாஸ்டர் ஃபோனில் தவித்தார். அவருக்கு ஒவ்வொரு பந்தையும் அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். திரையில் பந்து போடுவது மாஸ்டரின் அட்டைதான். மூன்றாவது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியபோது மாஸ்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குள் பக்கத்து மேஜை ஃபோன் அடித்தது. பதிலக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு அதை எடுத்தாள்.

"அக்கா, நான் புதுசு. இந்தப் பெட்டியில ஒரு ஆளு அவுட்டே ஆக மாட்டேங்கறாருக்கா. எப்படிக்கா அவுட் ஆக்கறது?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பழைய பெட்டியில முடியாதும்மா. நாளைக்குப் புதுசா ஒண்ணு வருது. அதுல மூணு கட்டம் இருக்கு. பொறுமையா போட்டுக்கிட்டே இருங்க, அவுட்டாவாரு."

"சீக்கிரம் ஆகமாட்டேன்னு சொல்லு" என்றான் அண்ணன், ஸ்டூலிலிருந்து.